ரத்தத்துல என்னதான் இருக்கு, எது என்ன வேலை பாக்குது: லேப் கவுண்டர்ல கேக்குற கேள்விகள்

ரத்தம் எடுக்குற லேப்ல வேலை பாக்குறதால, சொந்தக்காரங்கள்லருந்து பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பி "இதுல ஒரு ஸ்டார் போட்டிருக்காங்களே, பயப்படணுமா"ன்னு கேப்பாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள இங்க போட்டிருக்கேன். நான் டாக்டர் இல்ல, மருந்து எதுவும் சொல்ல மாட்டேன். ரத்தத்துல எது என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா ரிப்போர்ட்ல பாதி பயம் போயிரும், அதுக்குத்தான் இது.

ரத்தம்னா சிவப்பா ஒரு திரவம், அவ்ளோதானே? இதுல பிரிச்சுப் பாக்க என்ன இருக்கு?

எடுத்த ரத்தத்த உறையவிடாம ஒரு ட்யூப்ல போட்டு அசைக்காம நிறுத்தி வச்சா, இல்ல சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு சுத்தி எடுத்தா, கண்ணு முன்னாடியே மூணா பிரிஞ்சு நிக்கும். மேல வெளிர் மஞ்சள்ல தெளிவா இருக்குறது பிளாஸ்மா, மொத்தத்துல கிட்டத்தட்ட 55 சதவீதம். அடியில அடர் சிவப்பா சிவப்பணுக்கள், சுமாரா 40லருந்து 45 சதவீதம். நடுவுல, உத்துப் பாத்தாதான் தெரியும், வெள்ளையா மெல்லிசா ஒரு கோடு, ஒரு சதவீதம்கூட தேறாது, வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. காய்ச்சல் சீசன்ல எல்லாரும் அலறுற நம்பர் பூரா அந்தக் கோட்டுக்குள்ள இருக்குறதுதான். பெரியவங்க உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும், உடம்பு எடையில 7லருந்து 8 சதவீதம்னு வச்சுக்கலாம்.

அந்த மஞ்சள் தண்ணிக்கு என்ன வேலை?

பேருக்குத்தான் தண்ணி. 90 சதவீதத்துக்கு மேல தண்ணிதான், ஆனா மிச்சம் இருக்குறதுலதான் விஷயமே இருக்கு. ஆல்புமின்னு ஒரு புரோட்டீன், கல்லீரல் தயாரிக்கிறது, இது ரத்தக் குழாய்க்குள்ள இருக்குற தண்ணி வெளிய கசிஞ்சு போகாம உள்ளயே பிடிச்சு வைக்குது. கல்லீரல் கெட்டுப்போனவங்களுக்கும், கிட்னி வழியா புரோட்டீன் வெளிய போறவங்களுக்கும் காலு வீங்குதே, ஆல்புமின் குறையுறதும் அதுக்கு ஒரு முக்கியமான காரணம். குளோபுலின்ல நோயை எதிர்க்குற ஆன்டிபாடி இருக்கு. ஃபைப்ரினோஜன் ரத்தம் உறையறதுக்கு. இது போக சுகர், உப்பு, கொழுப்பு, ஹார்மோன், யூரியா எல்லாம் இதுலதான் பயணம் போகுது. நம்ம வெளிய விடுற கார்பன் டை ஆக்சைடுலயும் பெரும் பங்கு, சுமார் 70 சதவீதம், பைகார்பனேட்டா மாறி பிளாஸ்மாவுலதான் நுரையீரலுக்குப் போய்ச் சேருது, நிறைய பேர் அதையும் சிவப்பணுவே தூக்கிட்டுப் போகுதுன்னு நினைச்சுட்டு இருக்காங்க.

ரத்தத்தோட பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டுற நம்பர்) 7.35க்கும் 7.45க்கும் நடுவுலயே நிக்கணும், அதப் பாத்துக்குறதுலயும் இந்த பைகார்பனேட்டுக்குப் பங்கு இருக்கு. "இந்த ஜூஸ் குடிச்சா ரத்தம் ஆல்கலைன் ஆகும்"னு விக்கிறாங்களே, நிஜமாவே ஒரு ஜூஸால அது மாறுச்சுன்னா நீங்க ஐசியூல இருப்பீங்க.

ஒரே ஆள்கிட்ட எதுக்கு மூணு நாலு ட்யூப்ல எடுக்குறீங்க? ரத்தம் குறைஞ்சுராதா?

மொத்தமே 10 மில்லி பக்கம்தான் வரும், 5 லிட்டர்ல அது ஒண்ணுமே இல்ல. ட்யூபு மாறுறது உள்ள இருக்குற மருந்துக்காக. ஊதா மூடியில ஈடிடிஏ இருக்கும், அது ரத்தத்துல உள்ள கால்சியத்தப் பிடிச்சுக்கும், கால்சியம் இல்லாம ரத்தம் உறையாது, அதனால அணுக்கள் அப்படியே தனித்தனியா மிதக்கும், சிபிசின்னு சொல்ற எண்ணிக்கை டெஸ்ட்டுக்கு இதுதான். சாம்பல் மூடி சுகருக்கு. ட்யூபுக்குள்ள வந்த அப்புறமும் ரத்த அணுக்கள் உசுரோட இருந்து சுகரத் தின்னுக்கிட்டே இருக்கும், சும்மா விட்டா மணிக்கு 5லருந்து 7 சதவீதம் வரைக்கும் குறையும், அத மட்டுப்படுத்தத்தான் அந்த ட்யூப்ல ஃப்ளோரைடு. சிவப்பு, மஞ்சள் மூடியில ரத்தத்த வேணும்னே உறையவிட்டு மேல நிக்கிற தெளிவான தண்ணிய, சீரம்னு சொல்றத, எடுப்போம், லிவர், கிட்னி, தைராய்டு எல்லாம் அதுல பாக்குறது. வெளிர் நீல மூடி ரத்தம் உறையுற நேரம் பாக்க, அதுல கோடு வரைக்கும் சரியா நிரப்பணும், கொஞ்சம் குறைஞ்சாலும் ரிசல்ட் தப்பா வரும், அதனாலதான் சில சமயம் திருப்பி ஊசி போடுறோம், கோச்சுக்காதீங்க.

சிவப்பணு எப்படி இருக்கும், எவ்ளோ நாள் உசுரோட இருக்கும்?

உளுந்து வடையில ஓட்ட முழுசா போடாம ரெண்டு பக்கமும் நடுவுல அமுக்கி விட்டா எப்படி இருக்கும், அந்த வடிவம். அகலம் 7லருந்து 8 மைக்ரான். அதவிட குறுகலான தந்துகிக் குழாய்க்குள்ளகூட மடங்கி நெளிஞ்சு போயிரும். முதிர்ந்த சிவப்பணுவுக்குள்ள நியூக்ளியஸ் கிடையாது, எலும்பு மஜ்ஜையில உருவாகும்போதே அத வெளிய தள்ளிரும். உள்ள பூரா ஹீமோகுளோபின்தான், ஒரு அணுவுக்குள்ள சுமார் 27 கோடி மூலக்கூறு, ஒவ்வொண்ணும் நாலு ஆக்சிஜன் மூலக்கூற தூக்கும். நியூக்ளியஸ் இல்லாததால தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்க முடியாது, சுமார் 120 நாள்ல ஆயுசு முடிஞ்சுரும். அதுக்கு ஈடா மஜ்ஜை ஒவ்வொரு செகண்டுக்கும் 20 லட்சம் பக்கமா புதுசா செஞ்சு அனுப்பிக்கிட்டே இருக்கு.

செத்த அணுவுல இருக்குற இரும்ப உடம்பு வீணாக்காது. மண்ணீரலும் கல்லீரலும் அத உடைச்சு இரும்ப எடுத்து திரும்ப மஜ்ஜைக்கு அனுப்பிரும். இரும்பு போக மிச்சம் நிக்கிற நிறம் பிலிரூபின் ஆகி பித்தத்தோட குடலுக்கு வந்து கடைசியா மலத்துக்கும் மூத்திரத்துக்கும் கலர் குடுக்குது. மஞ்சக்காமாலையில கண்ணு மஞ்சளாகுறதும் இதே பிலிரூபின் வெளிய போகாம தேங்குறதாலதான்.

எனக்கு ஹெச்பி (ஹீமோகுளோபின்) 9 தான் இருக்கு. பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் சாப்ட்டா ஏறிருமா?

அடிக்கடி வர்ற கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஆம்பளைங்களுக்கு 13, பொம்பளைங்களுக்கு 12, கர்ப்பமா இருக்கவங்களுக்கு 11 (நடு மூணு மாசத்துல மட்டும் 10.5), இதுக்குக் கீழ போனா ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்குற கணக்கு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல நம்ம நாட்டுல 15லருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. அதாவது பாதிக்கு மேல. வீட்ல "சும்மா டயர்டா இருக்கு"ன்னு சொல்ற பல அம்மாக்களுக்கு விஷயம் இதுதான்.

பீட்ரூட் சிவப்பா இருக்குறது பீட்டாலெய்ன்னு ஒரு நிறமியால, அதுக்கும் ரத்தத்துக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. பீட்ரூட், பேரீச்சை ரெண்டுலயுமே 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் பக்கம்தான் இரும்பு இருக்கும். சாப்டுங்க, தப்பில்ல, ஆனா அத மட்டும் நம்பி 9ஐ 12 ஆக்க முடியாது. நம்ம ஊர்ல பெரியவங்க ரத்தம் இல்லாத பிள்ளைக்கு சுவரொட்டி வாங்கி சுட்டுக் குடுப்பாங்க பாருங்க, அது ஆட்டோட மண்ணீரல், மேல சொன்ன மாதிரி பழைய சிவப்பணுவ உடைக்கிற எடமே அதுதான், அதனால இரும்பு நிஜமாவே அதுல கொட்டிக் கிடக்கு, அதுவும் உடம்பு சுலபமா ஏத்துக்கிற வகை. ஈரல், ரத்தப் பொரியலும் அப்படித்தான். சைவம்னா கீரை, பயறு வகை, எள்ளு, ஆனா செடியில இருக்குற இரும்பு குடல்ல லேசுல ஏறாது, கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேத்துக்கணும். சாப்ட்ட கையோட ஒரு டம்ளர் டீயோ காபியோ குடிக்கிற பழக்கம் இருக்கே, அது இரும்பு ஏறுறத நல்லாவே தடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க.

இதெல்லாம் பண்ணியும் ஏறலன்னா சாப்பாட்டுல பிரச்சன இல்லாம இருக்கலாம். ஒரு மில்லி ரத்தம் போனா சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகும், நம்ம உடம்பு சாப்பாட்டுலருந்து ஒரு நாளைக்கு உள்ள எடுக்குறதே ஒண்ணுலருந்து ரெண்டு மில்லிகிராம்தான். அப்போ மாசமாசம் அதிகமா ரத்தம் படுறவங்க, மூலத்துல ரத்தம் போறவங்க, அல்சர் உள்ளவங்க, கொக்கிப்புழு உள்ள பிள்ளைங்க இவங்களுக்கெல்லாம் வரவ விட செலவு ஜாஸ்தி. ஓட்டையக் கண்டுபிடிக்காம பேரீச்சை சிரப் குடிச்சுப் பிரயோஜனம் இல்ல. அதுவும் வயசான ஆம்பளைக்கு காரணமே தெரியாம ஹெச்பி குறைஞ்சா வயித்துக்குள்ள எங்கயாவது கசியுதான்னு கண்டிப்பா டாக்டர்கிட்ட பாக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, இரும்பு மாத்திரை போட்டா மோஷன் கருப்பா போகும், அதுக்குப் பயந்துட்டு நிறுத்திராதீங்க.

சில பேருக்கு இரும்பு நல்லா இருக்கும், பி12 இருக்காது. அப்போ சிவப்பணு அளவுல பெருசாகும், ரிப்போர்ட்ல எம்சிவின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது 100க்கு மேல போகலாம். இரும்பு பத்தாம இருந்தா அதே எம்சிவி 80க்குக் கீழ வரும். ஹெச்பிய மட்டும் பாக்காம அந்த வரியையும் பாத்தா டாக்டருக்கு எந்தப் பக்கம் போகணும்னு பாதி புரிஞ்சுரும். எம்சிவி ரொம்பக் கம்மியா இருந்து இரும்பு நார்மல்னா தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோயோட கேரியரான்னு (நோய் இல்லாம அந்த ஜீன மட்டும் சுமக்குறவரான்னு) பாப்பாங்க. நீலகிரி பக்கம் பழங்குடி மக்கள்ல சிக்கிள் செல் உண்டு, அது ஹீமோகுளோபினோட அமைப்பே மாறி அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோய், அதுக்கு இரும்பு குடுத்து சரி பண்ண முடியாது.

கிட்னி டாக்டர் எதுக்கு ஹெச்பி பாக்குறாரு?

சிவப்பணு செய்யச் சொல்லி மஜ்ஜைக்கு ஆர்டர் போடுறதே கிட்னிதான். எரித்ரோபொய்ட்டின்னு ஒரு ஹார்மோன், ஆக்சிஜன் குறையுதுன்னு தெரிஞ்சதும் கிட்னி அத விடும். கிட்னி கெட்டுப்போனா அந்த ஆர்டர் வராது. டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு அந்த ஹார்மோனையே ஊசியா போடுறது இதுக்குத்தான்.

சுகருக்கு மூணு மாச ஆவரேஜ் டெஸ்ட்னு சொல்றாங்களே, பழைய சுகர் எப்படி இப்போ தெரியும்?

ஹெச்பிஏ1சி. சிவப்பணு 120 நாள் உசுரோட சுத்துதுல்ல, ரத்தத்துல சுகர் ஜாஸ்தியா இருக்குறப்ப அது ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கும், ஒட்டுனது ஒட்டுனதுதான், அந்த அணு சாகுற வரைக்கும் இருக்கும். டெஸ்ட்டுக்கு முந்துன நாள் மட்டும் பத்தியமா இருந்துட்டு வந்து எங்கள ஏமாத்த முடியாது. ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, அத நிறைய பேர் சொல்றதில்ல. அணு சீக்கிரமா உடையுற வியாதி இருந்தாலோ, சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தாலோ இது நம்புற மாதிரி இருக்காது, இரும்பு பத்தாத ரத்தசோகையில உண்மையவிட கொஞ்சம் கூடக்காட்டும். ஹெச்பி ரொம்பக் கம்மியா இருக்கவங்க ஏ1சிய மட்டும் வச்சு முடிவு பண்ணிராதீங்க.

வெள்ளையணு 13,000 இருக்கு, கேன்சரா?

கூகுள்ல தேடுனா அப்படித்தான் சொல்லும். நார்மல் 4,000லருந்து 11,000. தொண்டை வலி, பல்லு சீழ், மூத்திரக் கடுப்பு, ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம், இதுல எதுவா இருந்தாலும் 13,000 சாதாரணமா வரும். காரணம் சரியானதும் திருப்பி எடுத்துப் பாத்தா இறங்கியிருக்கும். இறங்காம நிக்கிறது, 50,000 ஒரு லட்சம்னு போறது, மைக்ரோஸ்கோப் ஸ்லைடுல முதிராத அணு தெரியுறது, இதெல்லாம்தான் அடுத்த கட்டம்.

வெள்ளையணுவுல அஞ்சு வகை. நியூட்ரோஃபில்தான் மெஜாரிட்டி, பாக்டீரியா புகுந்தா முதல்ல ஓடுறது இது, தின்னுட்டு செத்துப்போகும், சீழ்ல பெரும்பாலும் இருக்குறது இதோட பொணம்தான். லிம்ஃபோசைட்தான் ஆன்டிபாடி செய்யுறது, ஒரு தடவ வந்த கிருமிய ஞாபகம் வச்சுக்கிறது, தடுப்பூசி வேலை செய்யுறதே இதோட ஞாபகத்த நம்பித்தான். மோனோசைட் குழாய விட்டு வெளிய போய் பெருசாகி குப்பையெல்லாம் தின்னும். பேசோஃபில் ஒரு சதவீதத்துக்கும் கம்மி.

ஈஸ்னோபில் விட்டுட்டீங்களே? எனக்கு வருஷா வருஷம் ஈஸ்னோபீலியா வருது.

அதுக்குத்தான் தனிக் கேள்வி. ஈஸ்னோபீலியாங்கிறது தனி வியாதி இல்ல, அந்த அணு கூடியிருக்குங்கிற தகவல்தான். அலர்ஜி, ஆஸ்துமா, வயித்துல புழு, சில மருந்து ஒத்துக்காம போறது, நம்ம ஊர்ப்பக்கம் யானைக்கால் கிருமியால வர்ற ஒரு வகை இருமல், எதுவா வேணா இருக்கலாம். சதவீதத்த மட்டும் பாத்து பயப்படாதீங்க, அஞ்சு வகையும் சேந்து 100 வரணும், அதனால ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணு சும்மாவே கூடுன மாதிரி தெரியும். ரிப்போர்ட்ல அப்சல்யூட் கவுண்ட்னு (சதவீதம் இல்லாம நேரடி எண்ணிக்கை) இருக்குறதப் பாருங்க, 500க்குள்ள இருந்தா சரி.

டெங்கு. பிளேட்லெட் 80,000க்கு வந்துருச்சு. பப்பாளி இலைச் சாறு குடுக்கலாமா, பிளேட்லெட் ஏத்தணுமா?

பிளேட்லெட்னா முழு அணுகூட இல்ல, மஜ்ஜையில இருக்குற மெகாகேரியோசைட்டுங்கிற பெரிய அணு உடைஞ்சு உதிருற துண்டு. நார்மல் ஒன்றரை லட்சத்துலருந்து நாலரை லட்சம். 7லருந்து 10 நாள் இருக்கும். குழாயில கீறல் விழுந்தா ஓடிப்போய் ஒட்டி முதல் அடைப்பு போடுறது இதுதான்.

டெங்குல எல்லாரும் இந்த நம்பரையே பிடிச்சுத் தொங்குறாங்க, எனக்கு இதுல கோவமே வரும். உசுருக்கு ஆபத்தா முடியுறது பெரும்பாலும் பிளாஸ்மா குழாய விட்டு வெளிய கசியுறதுதான். தண்ணி கசிஞ்சா ரத்தம் கெட்டியாகும், ரிப்போர்ட்ல பிசிவின்னு ஒரு வரி (ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்ங்கிறது) ஏறும், பிரஷர் இறங்கும். இது நடக்குறது பாதி நேரம் காய்ச்சல் விட்டு "அப்பாடா சரியாயிருச்சு"ன்னு நினைக்கிறப்பதான். விடாத வயித்து வலி, தொடர் வாந்தி, பல் ஈறுல ரத்தம், கை கால் ஜில்லுனு ஆகுறது, ஆள் ஒரு மாதிரி சோந்து போறது, மூத்திரம் கம்மியாகுறது, இதுல ஒண்ணு வந்தாலும் பிளேட்லெட் எவ்ளோன்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. ரத்தக்கசிவு இல்லாதப்ப பிளேட்லெட் ஏத்துறது பொதுவா 10,000 பக்கம் வந்தாத்தான் யோசிப்பாங்க, 80,000க்கு ஏத்தச் சொல்லி டாக்டர்கிட்ட சண்ட போடாதீங்க. பப்பாளி இலையோ நிலவேம்போ குடிச்சுட்டோம்ங்கிற தைரியத்துல வீட்லயே உக்காந்துறாதீங்க, பிளாஸ்மா கசியுறத ரெண்டும் நிறுத்தாது. கஞ்சி, எளநீ, ஓஆர்எஸ் நிறைய குடுங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்தான், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடவே கூடாது.

ஒரு லேப்ல பிளேட்லெட் 40,000, இன்னொரு லேப்ல ரெண்டு லட்சம். யாரு தப்பு?

பல சமயம் யார் மேலயும் தப்பில்ல. சில பேரோட ரத்தம் ஊதா மூடி ட்யூப்ல இருக்குற ஈடிடிஏ பட்டதும் பிளேட்லெட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மெஷின் அந்தக் கட்டிய பிளேட்லெட்டாவே எண்ணாது. ஆளு நல்லா தெம்பா இருக்காரு, காய்ச்சல் இல்ல, கவுண்ட் மட்டும் பாதாளத்துல இருக்குன்னா ஸ்லைடு போட்டுப் பாக்கச் சொல்லுங்க, இல்ல நீல மூடி ட்யூப்ல திருப்பி எடுக்கச் சொல்லுங்க.

ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் போடுறேன். பல்லு புடுங்கணும்னா பல நாள் முன்னாடியே கேக்குறாங்க, ஏன்?

ஆஸ்பிரின் பிளேட்லெட்டுல இருக்குற ஒரு என்சைம நிரந்தரமா அடைச்சுரும். பிளேட்லெட்டுக்கும் நியூக்ளியஸ் இல்ல, புது என்சைம் செய்ய வழி இல்ல, அதனால மாத்திரைய நிறுத்துனாலும் பழைய பிளேட்லெட் செத்து புதுசு வர்ற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆனா நீங்களா நிறுத்திராதீங்க, ஸ்டென்ட் (ஹார்ட் ரத்தக் குழாய் அடைக்காம உள்ள வைக்கிற வலைக்குழாய்) வச்சவங்க நிறுத்துனா அதுவே அடைச்சுரும், டாக்டர் பல சமயம் நிறுத்தாமலேகூட பல்லு எடுப்பாங்க.

ஹார்ட் வால்வு மாத்துனவங்க ரத்தம் கட்டாம இருக்கப் போடுற வார்ஃபரின் மாத்திரை வேற ரூட்டு. பிளேட்லெட் அடைப்பு போட்ட மேல ஃபைப்ரினோஜன் நூல் நூலா ஃபைப்ரினா மாறி வலை பின்னி இறுக்கணும், அதுக்கு கல்லீரல் செய்யுற பல ஃபாக்டர் (ரத்தத்த உறைய வைக்கிற புரோட்டீன்) தேவை, அதுல சிலதுக்கு வைட்டமின் கே வேணும், வார்ஃபரின் அத மறிக்கும். அதான் கீரைய ஒரு வாரம் கிலோ கணக்குல தின்னுட்டு அடுத்த வாரம் தொடாம இருந்தா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டுற நம்பர்) தாறுமாறா ஆடும். ஃபாக்டர் எட்டு பிறவியிலயே குறைஞ்சா அது ஹீமோஃபீலியா ஏ, ரத்தம் சரியா உறையாத பரம்பரை நோய். வேலூர் சிஎம்சியில அதுக்கு ஜீன் தெரபி குடுத்துப் பாத்து 2024ல ரிசல்ட் வெளியிட்டாங்க, அஞ்சு பேருக்குத்தான் இப்போதைக்கு, ஆனா பெரிய விஷயம்.

கையில நரம்பு நீலமா தெரியுதே, கெட்ட ரத்தம் நீலமா?

இல்ல. ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம் அடர் சிவப்பு, அவ்ளோதான். நாங்க தினமும் எடுக்குறது அந்த சிரை ரத்தம்தான், ட்யூப்ல ஒரு நாளும் நீலமா வந்ததில்ல. தோல் வழியா வெளிச்சம் போய் திரும்பி வர்ற விதத்துல அப்படித் தெரியுது.

ரத்தத்த சுத்தப்படுத்த என்ன குடிக்கலாம்?

ஒண்ணும் வேணாம். கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி அதுல 99 சதவீதத்த திரும்ப உள்ள எடுத்துக்குது. மருந்து, சாராயம், அம்மோனியா இதெல்லாம் கல்லீரல் பாத்துக்கும். முகத்துல பரு வர்றதுக்கும் ரத்தம் அழுக்காகுறதுக்கும் சம்பந்தம் இல்ல.

அப்பா ஏ, அம்மா பி, பிள்ளைக்கு ஓ. இது நடக்குமா?

தாராளமா நடக்கும், இத வச்சு வீட்ல பிரச்சன பண்ணாதீங்க. ரெண்டு பேருக்குள்ளயும் ஓ ஜீன் மறைஞ்சு இருக்கலாம். ஏ, பிங்கிறது சிவப்பணு மேல இருக்குற ஆன்டிஜென் (அடையாளக் குறி மாதிரி), ஓ-வுல ரெண்டும் இல்ல, ஏபியில ரெண்டும் இருக்கு. 1901ல கார்ல் லேண்ட்ஸ்டைனர் இத எழுதுனாரு, 1930ல நோபல் வாங்குனாரு, அவரு பொறந்த ஜூன் 14தான் உலக ரத்ததான நாள். பாம்பே குரூப்னு ஒண்ணு இருக்கு, 1952ல மும்பையில கண்டுபிடிச்சது, ஏ, பி ரெண்டுக்கும் அடித்தளமான ஹெச் ஆன்டிஜெனே இருக்காது. சாதாரண டெஸ்ட்ல ஓ மாதிரியே தெரியும், ஆனா ஓ ரத்தம் ஏத்துனா ஆபத்து, பாம்பே குரூப் ரத்தம்தான் வேணும். நம்ம நாட்டுல சுமார் 10,000 பேருல ஒருத்தர்.

ரத்த குரூப்ல (ஆர்ஹெச்) அம்மா நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ்னா பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள்ள ஆன்டி-டி ஊசி போடணும். முதல் பிள்ளைக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அப்போ அம்மா உடம்புல உருவாகுற ஆன்டிபாடி அடுத்த பிள்ளையோட சிவப்பணுவ உடைக்கும். அபார்ஷன் ஆனாலும் இந்த ஊசி வேணுமான்னு மறக்காம கேளுங்க.

ரத்தம் குடுத்தா வீக்காயிருவேனா? குடுத்த ரத்தம் அப்படியே ஒருத்தருக்குப் போகுமா?

350 மில்லி, எடை கூட இருந்தா 450 மில்லி எடுப்பாங்க. பிளாஸ்மா ஒண்ணு ரெண்டு நாள்ல நிரம்பிரும், சிவப்பணுவுக்கு நாலுலருந்து எட்டு வாரம் ஆகும், இரும்பு நிரம்ப இன்னும் கூட ஆகலாம், அதனாலதான் ஆம்பளைங்க 90 நாள், பொம்பளைங்க 120 நாள் இடைவெளி விடணும். வயசு 18லருந்து 65, எடை 45 கிலோவாவது, ஹெச்பி 12.5 இருக்கணும்.

ப்ளட் பேங்க்ல போனதும் அதப் பிரிச்சுருவாங்க. சிவப்பணு 2லருந்து 6 டிகிரி குளிர்ல, சேர்க்குற திரவத்தப் பொறுத்து 35 இல்ல 42 நாள் வரைக்கும். பிளேட்லெட்ட ஃப்ரிட்ஜ்லயே வைக்கக்கூடாது, அறை வெப்பத்துல ஆட்டிக்கிட்டே வச்சிருப்பாங்க, அஞ்சே நாள்தான். பிளாஸ்மா உறைய வச்சா ஒரு வருஷம் தாங்கும். அதனால நீங்க குடுத்த ஒரு பை மூணு பேருக்குப் போகலாம். காசுக்கு ரத்தம் விக்கிறது உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் 1998 ஜனவரியிலருந்து தடை, யாராவது "டோனர் பிடிச்சுத் தர்றேன், இவ்ளோ ஆகும்"னு ஆஸ்பத்திரி வாசல்ல வந்தா நம்பாதீங்க.

வெறும் வயித்துல வரச் சொன்னீங்க, தண்ணிகூட குடிக்கக் கூடாதா?

குடிக்கலாம், குடிச்சுட்டே வாங்க. தண்ணி குடிக்காம வந்தா நரம்பு சுருங்கிக் கிடக்கும், அப்புறம் ரெண்டு மூணு எடத்துல குத்த வேண்டியிருக்கும். டீ, காபி, பால் மட்டும் வேணாம், சக்கர போடாட்டியும் வேணாம்.